ஏறியவர் எத்தனை, இருப்பவர் எத்தனை?

ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் முடிந்த கையோடு நாளிதழ்களின் சேலம் பக்கங்களில் ஓர் எண் வெளியாகும். இத்தனை பேர் கண்டுகளித்தார்கள், நுழைவுக் கட்டணமாக இவ்வளவு வசூலானது என்று இரண்டும் பெரும்பாலும் ஒரே செய்தியில் வரும். வசூலோடு ஒட்டிப் பிறக்கிறது என்பதே அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தடயம். கண்காட்சி நடக்கும் அண்ணா பூங்காவின் வாசலில் கொடுத்த சீட்டுகளைக் கூட்டினால் கிடைப்பது அது. மலைக்கு வந்த மனிதர்களின் எண்ணிக்கை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மலைமேல் இருந்தவர்களின் எண்ணிக்கை அதனினும் வேறு. விற்ற சீட்டு, வந்த ஆள், அந்த நேரத்தில் அங்கே இருந்த ஆள் என்று மூன்று கணக்குகள் இருக்க, நாம் மூன்றையும் ‘கூட்டம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இவற்றில் ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலைக்கு மிக அவசியமானது மூன்றாவது கணக்கு. அதை எடுத்து மக்களுக்கு அறிவிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்த வழக்கம் வர வேண்டும், ஏற்காட்டில் அது எளிதாகவும் முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் குழப்பம் மிக வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட களம் கால்பந்து. 2018 மார்ச் 1 அன்று, லண்டனில் பனி கொட்டிய இரவில், ஆர்செனல் தன் எமிரேட்ஸ் அரங்கில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3–0 எனத் தோற்றது. அந்த ஆட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட பார்வையாளர் எண்ணிக்கை 58,420. தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்ததோ வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். கழகம் பொய் சொல்லவில்லை. அது அறிவித்தது விற்ற இருக்கைகளின் கணக்கு. ஆண்டு முழுவதற்கும் சீசன் டிக்கெட் வாங்கியவர் அன்று வீட்டில் போர்வைக்குள் இருந்தாலும் அவர் இருக்கை விற்றதுதான். அதே பருவத்தில் வெஸ்ட் ஹாம் கழகம் அறிவித்த சராசரியையும், லண்டன் அரங்கின் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியூஹாம் உள்ளாட்சி வைத்திருந்த குறிப்புகளையும் ஊடகங்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெற்று ஒப்பிட்டன. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடைவெளி தெரிந்தது. கழகத்தின் எண் கணக்குப் பிரிவில் உருவாகிறது. உள்ளாட்சியின் எண் வாசலில், அட்டையைத் தேய்த்து உள்ளே நுழைந்தவரைக் கொண்டு உருவாகிறது. முன்னது விளம்பரதாரருக்கும் பங்குதாரருக்கும் வேண்டியது. தீப்பிடித்தால் எத்தனை பேரை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்று யோசிப்பவருக்குப் பின்னது வேண்டும். இரண்டும் உண்மை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கும்போதுதான் பிழை பிறக்கிறது.

எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் 1983 வரை, வசூலில் ஒரு பங்கை வந்து ஆடும் அணிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1916இல் தொடங்கி 1957 வரை கேளிக்கை வரியும் சீட்டின் மீது விழுந்தது. ஆக, அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஒவ்வொரு தலையும் உள்ளூர்க் கழகத்துக்குச் செலவையும் சேர்த்தே கொண்டுவந்தது. அந்த ஏற்பாட்டில் எண்ணைக் குறைத்துக் காட்டத்தான் தூண்டுதல். தமிழ்நாட்டில் திரையரங்கு வசூல் கணக்கு பற்றி விநியோகஸ்தரும் வரி அலுவலரும் காலங்காலமாகக் கொண்டிருந்த ஐயமும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். இன்று நிலைமை தலைகீழ். சட்டையில் பெயர் அச்சிடப் பணம் கொடுக்கும் நிறுவனம் பெரிய எண்ணை விரும்புகிறது. எனவே எண் பெருக்கும் பக்கம் சாய்கிறது. வாசலில் கட்டுப்பாடு தளர்ந்த அரங்குகளில், யாருடைய விருப்பமும் இல்லாமலேயே, உண்மைக் கூட்டம் கணக்கைத் தாண்டியும் போயிருக்கிறது. 1923 ஏப்ரல் 28 அன்று புதிதாகத் திறந்த வெம்ப்ளியில் நடந்த கோப்பை இறுதியாட்டத்துக்குப் பதிவான எண் 1,26,047. சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானாவில் பிரேசிலை உருகுவே வீழ்த்திய ஆட்டத்துக்குப் பணம் கொடுத்து வந்தவர்கள் 1,73,850. மொத்தக் கூட்டம் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் என்றே எழுதப்படுகிறது. ஒரு பக்கம் சீட்டு உண்டு, ஆள் இல்லை. மறுபக்கம் ஆள் உண்டு, சீட்டு இல்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒரு பேரெண் உண்டு. 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம், கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதி, ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான்: 1,31,781 பேர். இந்தியக் கால்பந்தின் பெருமைக்கு இன்றும் சாட்சியாகச் சொல்லப்படும் எண் இதுதான். இருபது ஆண்டுகள் கழித்து, 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை இறுதியாட்டம் அதே அரங்கில் நடந்தபோது பதிவான எண் 66,684. கொல்கத்தாவின் கால்பந்து மோகம் பாதியாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. படிக்கட்டில் நெருக்கி அமர்ந்த இடத்தில் ஆளுக்கொரு நாற்காலி வந்தது. அரங்கின் கொள்ளளவே மாறியது. கொச்சி ஜவாஹர்லால் நேரு அரங்கில் அந்தப் போட்டிக்காக அனுமதி இன்னும் கடுமையாகச் சுருக்கப்பட்டு, சுமார் 29,000 பேர் என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்தியன் சூப்பர் லீக்கின் தொடக்க ஆண்டுகளில் அறுபதாயிரம் பேர் என்று பேசப்பட்ட அரங்கம் அது. ஆபத்து நேர்ந்தால் எவ்வளவு விரைவாக எத்தனை பேரை வெளியேற்ற முடியும் என்று கேட்டவுடன், அதே கட்டடத்தின் கொள்ளளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எத்தனை பேர் உள்ளே போகலாம் என்ற கேள்விக்கு விடை நுழைவாயிலில் இல்லை, வெளியேறும் வழியில் இருக்கிறது. ஏற்காட்டைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மிகவும் உதவுவது இந்தக் கொச்சிப் பாடம்தான்.

இனி மலைக்கு வருவோம். ஏற்காட்டின் சுற்றுலா இடங்கள் ஒரே கையில் இல்லை. அண்ணா பூங்காவும் ரோஜாத் தோட்டமும் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. படகு இல்லத்தைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. ஆர்க்கிட் செடிகளைக் காக்கும் தாவரவியல் பூங்கா மத்திய அரசின் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு, தனிக் கணக்கு. நாமக்கல்லிலிருந்து வரும் நால்வர் குடும்பம் காலையில் பூங்கா, மதியம் படகு, மாலையில் ரோஜாத் தோட்டம் என்று சுற்றினால், எல்லாச் சீட்டுகளையும் கூட்டுபவருக்கு அது பன்னிரண்டு பேர். அதே நாளில் லேடீஸ் சீட்டிலும் பகோடா முனையிலும் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்று, காபித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு எந்தச் சீட்டும் எடுக்காமல் இறங்கிப்போகும் இளைஞர் கூட்டம் எந்தக் கணக்கிலும் விழாது. மிகையும் குறையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு வகை மனிதர்கள், வெவ்வேறு வகை வாகனங்களில் வந்தவர்கள், வெவ்வேறு நேரம் தங்கியவர்கள்.

மாநில அளவிலும் நாட்டளவிலும் இதே கதைதான், பெரிய எழுத்தில். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2019இல் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் 49 கோடியைத் தாண்டின. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகையே 7.21 கோடி. பிறந்த குழந்தை முதல் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் வரை எல்லோரும் ஆளுக்கு ஏழு முறை கிளம்பியிருந்தால் வரும் எண்ணுக்கு அருகில் இருக்கிறது அது. இதில் மோசடி எதுவும் இல்லை. எண்ணப்படுவது வருகைகள், ஆட்கள் அல்ல. மதுரையில் ஒரு வருகை, ராமேஸ்வரத்தில் ஒரு வருகை, கன்னியாகுமரியில் ஒரு வருகை என்று ஒரே யாத்திரை மூன்றாகப் பெருகும். வெளிநாட்டினர் கணக்கில் இந்தப் பெருக்கத்தை அளந்தே பார்க்கலாம். 2019இல் விமானத்திலும் கப்பலிலும் எல்லைச் சாவடியிலும் கடவுச்சீட்டு காட்டி இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. அதே ஆண்டில் மாநிலங்கள் தத்தம் வெளிநாட்டு வருகை என்று காட்டியவற்றின் கூட்டுத்தொகை சுமார் 3.14 கோடி. ஒருவர் கிட்டத்தட்ட மூவராகியிருக்கிறார். விடுதிகள் எத்தனை, வழிகாட்டிகள் எத்தனை என்று திட்டமிட 3.14 கோடி என்ற எண்ணுக்குப் பயனுண்டு. ‘இத்தனை பேர் வந்தார்கள்’ என்ற வாக்கியத்தில் அதை உட்கார்த்தும்போது எண் மாறாமலே பொருள் மாறிவிடுகிறது.

சீட்டு இல்லாத இடத்தில் எண்ணே பிறப்பதில்லை என்பதற்கு இந்த மலையின் உச்சியே சான்று. 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேர்வராயன் முகட்டில், குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கும் கோயில் இருக்கிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் குலதெய்வம். மே மாதத்தில் நடக்கும் அதன் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் முழுக்கத் திரளும். சமவெளியிலிருந்தும் உறவுகள் ஏறிவரும். அங்கே வாசலில் நுழைவுச்சீட்டு கொடுப்பவர் இல்லை, ஆகவே மறுநாள் அறிவிக்க வசூல் சார்ந்த எண்ணும் இல்லை. மலையின் சொந்த மக்களுடைய மிகப் பெரிய கூடுகை கணக்குக்கு வெளியே நிற்கிறது. மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்கள் மட்டும் கணக்குக்குள் வருகிறார்கள். இது புள்ளிவிவரக் குறை மட்டுமல்ல, நீதிக் குறையும்கூட. எண்ணப்படும் கூட்டத்துக்குத்தான் தற்காலிகக் கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, கூடுதல் பேருந்து, ஆம்புலன்ஸ் என்று ஏற்பாடு போகும். எண்ணப்படாதவர் தன் ஏற்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்ணை வெற்றிக்கு அடையாளமாக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. 15 லட்சம் பேர் என்ற எண் நிகழ்ச்சிக்கு முன்பே சாதனை இலக்காக உலவியது. முடிந்த பின் அதுவே வருகைக் கணக்காகவும் சொல்லப்பட்டது. வெயிலில் ஐந்து பேர் இறந்தார்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் நடைமேடை தெரியாத அளவுக்கு நெரிசல். 15 லட்சம் என்பது சரியா என்று அப்போது பலரும் கேட்டார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த எண்ணை நம்பியவர்கள் அதற்கேற்ற தண்ணீரையும் நிழலையும் திரும்பும் ரயில்களையும் ஏன் கணக்கிடவில்லை என்பது. சாதனைக்காகச் சொல்லப்படும் எண்ணும் ஏற்பாட்டுக்காகப் பயன்படும் எண்ணும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. சாதனை எண்ணைச் சொல்பவர் அதைத் தாங்கும் பொறுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நாம் பழகிவிட்டோம்.

மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது என்பதைக் கால்பந்து மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கம். லிவர்பூல் ரசிகர்கள் நின்று பார்ப்பதற்கான மேற்குப் பகுதிக்கு 10,100 சீட்டுகள். நுழைய ஏழே சுழல்கதவுகள். அந்தக் கதவுகளில் எண்ணும் கருவி இருந்தது. ஆனால் அது முழுப் பகுதிக்கும் சேர்த்து ஒரே கூட்டுத்தொகையைத்தான் காட்டியது. அந்தப் பகுதி கம்பிவேலிகளால் தடுப்புகளாகப் பிரிந்திருந்தது. எந்தத் தடுப்பில் எத்தனை பேர் என்று சொல்ல வழியில்லை. வெளியே நெருக்கடி முற்றியதும் காவல்துறை ஒரு வெளியேறும் கதவைத் திறந்துவிட்டது; கருவியின் பார்வையில் படாமல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உள்ளே சென்றார்கள். பெரும்பாலோர் எதிரே தெரிந்த சுரங்கவழியில் நேராக நடு இரண்டு தடுப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத் தடுப்புகளில் இடம் இருந்தது. நடுத்தடுப்புகளில் 97 உயிர்கள் நசுங்கின. நீதிபதி டெய்லரின் விசாரணை இந்த ஏற்பாட்டின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது. அதற்குப் பின் இங்கிலாந்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கொள்ளளவு, தனி எண்ணிக்கை என்ற முறை உறுதிப்பட்டது. கூட்டுத்தொகை ஆளைக் கொல்வதில்லை. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் சேரும் நெருக்கம்தான் கொல்கிறது.

இந்தப் பார்வையில் சேர்வராயன் மலையை வைத்துப் பாருங்கள். சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை ஒன்று. குப்பனூர் வழியாக வரும் சாலை மற்றொன்று. பயணிகளில் மிகப் பெரும்பாலோர் ஏறுவதும் இறங்குவதும் இந்த இரண்டில்தான். விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து அறிவிக்கப்படுவதும் உண்டு. மேலே ஒண்டிக்கடை, ஏரி, அண்ணா பூங்கா மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வருபவர் எல்லோரும் அந்தச் சிறு வட்டத்துக்குள்தான் வண்டியை நிறுத்தத் தேடுவார்கள். அப்படியானால் ஏற்காடு என்பது இரண்டு வாயில்களும், நெருக்கமான ஒரு நடுத்தடுப்பும் கொண்ட அரங்கம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பல திசைகளிலிருந்து பாதைகள் ஏறுகின்றன. அங்கே எண்ணுவது கடினம். இங்கே இயற்கையே வாயில்களைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது.

மேலே இருப்பவர்களைக் கணக்கிட ஒவ்வொருவரையும் தொட்டு எண்ணத் தேவையில்லை. வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய எளிய விதி ஒன்று உண்டு: ஓரிடத்தில் சராசரியாக இருப்பவர் தொகை, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் தங்குகிறார் என்பதையும் பெருக்கினால் வரும். விளக்கத்துக்காக மட்டும் ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். மணிக்கு ஆயிரம் பேர் ஏறுகிறார்கள். ஆளுக்கு மூன்று மணி நேரம் தங்குகிறார்கள் என்றால் சராசரியாக மேலே மூவாயிரம் பேர். அதே ஆயிரம் பேர் மேடைக் கலைநிகழ்ச்சியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆறு மணி நேரம் தங்கினால் ஆறாயிரம் பேர். பூங்கா வாசலில் விற்ற சீட்டு இரண்டு நாளிலும் ஒன்றே. நாளிதழ்ச் செய்தியும் ஒன்றே. ஏரிக்கரைச் சாலைக்கோ, கழிவுநீர்க் கால்வாய்க்கோ, ஊரின் அரசு மருத்துவமனைக்கோ அது இரட்டைச் சுமை. நோய் முற்றியவரைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஆம்புலன்ஸ் இறங்கும் சாலையும், அத்தனை பேரும் மாலையில் வீடு திரும்பும் சாலையும் ஒன்றுதான்.

கொச்சிப் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. மலையின் கொள்ளளவைத் தங்கும் அறைகளையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் கொண்டு கணக்கிடுவது நம் வழக்கம். உண்மையான எல்லை, மேலே இருப்பவர்களை இந்த வளைவுகள் வழியே எத்தனை மணி நேரத்தில் பத்திரமாகக் கீழிறக்க முடியும் என்பதில் இருக்கிறது. அந்த எல்லையும் நிலையானதல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. அது விழாக்காலம் அல்ல. ஆனால் மே மாதத்துக் கோடைமழையும் இந்த மலைக்குப் புதிதல்ல. விழா நாட்களிலேயே மேகம் இறங்கி மழை பிடித்துக்கொள்வதை ஏற்காடு அறியும். இரண்டில் ஒரு சாலை மூடினால் அந்த நேரத்தில் மேலே இருப்பவர் எத்தனை, அவர்களில் இரவு தங்க இடமில்லாதவர் எத்தனை என்று ஆட்சியருக்குத் தெரிய வேண்டும். விழா முடிந்து கூட்டிச் சொல்லும் மொத்தச் சீட்டு அந்த இரவில் யாருக்கும் உதவாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை சில உண்டு. அவற்றில் கனமானவையும் உண்டு. மொத்த எண் துல்லியமற்றதாக இருந்தாலும், ஆண்டுதோறும் ஒரே முறையில் எடுத்தால் வளர்ச்சியும் தளர்ச்சியும் அதில் தெரியுமே என்பது ஒன்று. கொள்கையளவில் சரி. அளவுகோல் பிசகாக இருந்தாலும் பிசகு மாறாமல் இருந்தால் ஒப்பிடலாம். ஆனால் இங்கே அளவுகோலே மாறுகிறது. கோடை விழாவின் நாட்கள் ஓர் ஆண்டு கூடுகின்றன, ஓர் ஆண்டு குறைகின்றன, கட்டணம் மாறுகிறது, கொரோனாவால் 2020லும் 2021லும் விழாவே நடக்கவில்லை. ஐந்து நாள் விழாவின் தொகையையும் எட்டு நாள் விழாவின் தொகையையும் அருகருகே வைத்து வளர்ச்சி என்று படிப்பதில் பொருளில்லை. ஒரு நாளின் உச்ச நேரத் தொகைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. எத்தனை நாள் விழா நடந்தாலும், மிக நெரிசலான ஒரு மணி நேரத்தை மற்றோர் ஆண்டின் அதே மணி நேரத்தோடு ஒப்பிடலாம்.

திறந்த மலையை எப்படி எண்ணுவது என்பது அடுத்தது. மலைக் கிராமங்களுக்குச் செல்லும் சிறு பாதைகள் உண்டு. உள்ளூர் மக்கள் நாள்தோறும் சேலத்துக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருகிறார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் வண்டிகள் உண்டு. இவை எல்லாம் கணக்கைக் கலைக்கும். ஆனால் துல்லியம் கேட்டு யாரும் நிற்கவில்லை. 1960களில் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற இதழியல் பேராசிரியர், பல்கலைக்கழக வளாகப் போராட்டக் கூட்டங்களை இடத்தின் பரப்பையும் நெருக்கத்தையும் கொண்டு மதிப்பிடும் முறையை வகுத்தார். தளர்வான கூட்டத்தில் ஆளுக்குப் பத்துச் சதுர அடி, நெருக்கமானால் அதில் பாதிக்கும் கீழே என்ற அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. பிழை இருக்கும்; எவ்வளவு பிழை என்று சொல்லிவிட்டால் அது நேர்மையான எண். அடிவாரத்திலும் குப்பனூரிலும் ஏறும் வண்டியையும் இறங்கும் வண்டியையும் வகை பிரித்து எண்ணி, நாளுக்குச் சில முறை ஒரு வண்டியில் சராசரியாக எத்தனை பேர் என்று மாதிரி எடுத்து, ஏறியதிலிருந்து இறங்கியதைக் கழித்தால், பத்தாயிரமா இருபதாயிரமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பத்தாயிரத்து முந்நூறா நானூறா என்பது இங்கே யாருக்கும் வேண்டாம். வண்டி எண்பலகையைப் பதிவுசெய்யாமல் வகையை மட்டும் எண்ணினால் தனியுரிமைச் சிக்கலும் எழாது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கும் இ-பாஸ் முறையே இதைச் செய்கிறதே, அதை ஏற்காட்டுக்கும் நீட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் அவ்விரு இடங்களிலும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைவதாகச் சொல்லப்பட்ட கணக்கே நீதிமன்றத்தைத் திடுக்கிட வைத்தது. 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலில் முறையே 4,000, 6,000 என்றும் நீதிமன்றம் உச்சவரம்பு விதித்தது. மலையின் தாங்குதிறனை முறையாக ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. எண்ணாமல் ஆளமுடியாது என்று நீதிமன்றம் புரிந்துகொண்டதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இ-பாஸ் எண்ணும் ஆர்செனலின் 58,420 போன்றதுதான். பாஸ் எடுத்தவரெல்லாம் வந்தவர் அல்லர். வந்தவர் எப்போது இறங்கினார் என்பதை ஏறும்போது காட்டிய பாஸ் சொல்லாது. வாகனத்தை எண்ணினால் ஐம்பது பேர் வந்த பேருந்தும் இருவர் வந்த காரும் சமமாகிவிடும். அனுமதி எண்ணும் இருப்பு எண்ணும் வேறுவேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தேவையில்லை என்று நினைத்துவிடுவது, லண்டன் கழகங்கள் விற்ற இருக்கைகளின் எண்ணை அரங்கில் இருந்தவர்களின் எண்ணாகப் படிக்கும் அதே பிசகு.

மிகக் கனமான மறுப்பு பிழைப்பைப் பற்றியது. விடுதி நடத்துபவர், வீட்டில் அறை விடுபவர், பலாச்சுளையும் கமலா ஆரஞ்சும் விற்கும் பெண்கள், பஜ்ஜிக் கடைக்காரர்கள், ஜீப் ஓட்டுநர்கள் என்று பலருக்கு மே மாதத்து வருமானம்தான் ஆண்டின் முதுகெலும்பு. உச்ச நேரக் கூட்டம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொன்னால் அடுத்த படி கட்டுப்பாடாகத்தான் இருக்கும் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. நீலகிரியில் வணிகர்கள் இ-பாஸை எதிர்த்துக் கடையடைத்தார்கள். ஆனால் மொத்தமும் உச்சமும் வேறு என்ற வேறுபாடு இவர்கள் பக்கமே நிற்கிறது. ஹில்ஸ்பரோவில் பக்கத் தடுப்புகளில் இடம் காலியாக இருந்தது. ஏற்காட்டில் செவ்வாயும் புதனும் அந்தக் காலித் தடுப்புகள். ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் சாலையில் நின்ற குடும்பம் எதையும் வாங்குவதில்லை. வண்டியை நிறுத்த இடமில்லாமல் ஏரியைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் கார் கடைக்காரருக்குக் காசு கொடுப்பதில்லை. மேலே இப்போது எத்தனை பேர் என்று அடிவாரத்திலேயே தெரிந்தால், பாதிப் பேராவது நேரத்தையோ நாளையோ மாற்றிக்கொள்வார்கள். மொத்தம் குறையாமலே உச்சம் தணியும். மொத்தத்தை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், ஒருநாள் விபத்து நேர்ந்த பின், அவசரத்தில் விதிக்கும் தடைதான் மிஞ்சும்; அந்தத் தடை செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் வேறுபாடு பார்க்காது.

எண்ணுபவர் யார் என்பதும் முக்கியம். விழாவை நடத்தும் துறைகளே கூட்டத்தையும் எண்ணினால், அலுவலர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், பெரிய எண்ணே நல்ல செய்தியாக இருக்கும். இங்கிலாந்தில் கழகமும் உள்ளாட்சியும் தனித்தனியே கணக்கு வைத்திருந்ததால்தான் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. இங்கும் வசூல் கணக்கு துறைகளிடமே இருக்கட்டும். இருப்புக் கணக்கைக் காவல்துறையும் ஏற்காடு ஊராட்சி ஒன்றியமும் சேர்ந்து வைக்கலாம். குப்பையை அள்ளுவதும் போக்குவரத்தைச் சீர்செய்வதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் அதே இரண்டு சாவடிகளில், அதே முறையில் எண்ணலாம். அந்தக் கணக்கு மறுநாள் நாளிதழுக்காகக் காத்திருக்கக் கூடாது. அடிவாரச் சோதனைச் சாவடியில் ஒரு பலகை போதும். மேலே இருப்போர் தோராயமாக இத்தனை, இந்தக் கணக்கு எடுத்த நேரம் இது, கணக்கில் பிழை இவ்வளவு இருக்கலாம், இரண்டு சாலைகளும் திறந்திருக்கும் நாளில் மலை தாங்குவது இத்தனை, குப்பனூர் சாலை மூடினால் இத்தனை.